தந்தி கரகரக்கிறதா, பேசுகிறதா?

புறநானூற்றின் 152ஆம் பாட்டு கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றியது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்த வேட்டுவன் யாரென்று உறுதியாகத் தெரியாமலே, அவன் முன் பாட ஆயத்தமாகிறது புலவர் வன்பரணரின் கூட்டம். பாடுவதற்கு முன்னால் முழவுக்கு மண் பூசச் சொல்கிறார், யாழைப் பண்ணுக்கு நிறுத்தச் சொல்கிறார். இன்றைய கச்சேரியில் சுருதி சேர்க்கும் அந்த நேரத்தில்தான் நாம் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். காதைத் தீட்டிக்கொள்ள அதைவிட நல்ல நேரம் கிடையாது.

தம்புராவிலிருந்து தொடங்குங்கள். பஞ்சமம், சாரணை, அனுசாரணை, மந்தரம் என்று நான்கு தந்திகள். தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேற்பரப்பு லேசாக வளைந்திருக்கும். அதிரும் தந்தி அந்த வளைவை உரசியபடியே இருக்கும். தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு நூலைச் செருகி மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார்கள். ஓரிடத்தில் வறண்ட ஒலி சட்டென்று மலரும். அதுதான் ஜீவா. மந்தரத்தை மட்டும் மீட்டச் சொல்லி, ஒலி அடங்கும்வரை கேளுங்கள். அடிச் சுருதிக்கு மேலே மெல்லிய சுரங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டி நகரும். கூர்ந்து கேட்டால் அந்தர காந்தாரம் தனியாகப் பிடிபடும். எனக்கு இதைவிடப் பெரிய சங்கீத இன்பம் குறைவு.

ஜீவா விஞ்ஞானத்துக்கும் வியப்பளித்தது. ஒரு தந்தியைச் சரிபாதியில் மீட்டினால் அதன் மேல் ஸ்தாயி ஒலிக்கக் கூடாது என்பது ஐரோப்பியர் வகுத்த விதி. தம்புராவில் அது ஒலிக்கிறது. வளைந்த குதிரைதான் காரணம் என்று 1921இல் எழுதினார் சி.வி.ராமன்.

அப்படியானால் எது குற்றம்? ஜீவா எல்லாத் தந்தியிலும் ஒரே சீராக இருக்கும், தந்தியோடு எழுந்து தந்தியோடு அடங்கும். குற்றமான கரகரப்போ ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வீணையில் ஒரே ஒரு சுரத்தில் மட்டும் கரகரத்தால் குதிரையைத் தொடாதீர்கள். அடுத்த மெட்டு உயர்ந்திருக்கலாம், அல்லது அந்த மெட்டு மெழுகில் அமிழ்ந்திருக்கலாம். 24 மெட்டுகளும் நிற்பது மெழுகின் மேல்தான். நாமக்கல் வெயிலில் இளகிய மெழுகோடு எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலைச் செம்மேட்டுக் குளிருக்கு வரும் வீணையை, பெட்டியைத் திறந்ததும் வாசித்துவிடாமல் சற்று ஆறவிடுவது நல்லது. எந்தச் சுரத்திலும் ஒரே மாதிரி இரைந்தால், சுருதியை நுணுக்கமாகச் சேர்க்கும் லங்கர், தந்தியை முறுக்கும் பிரடை, சுரைக்குடுக்கை என்று ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பிடித்து மீட்டிப் பாருங்கள். எதைப் பிடித்ததும் நிற்கிறதோ அதுதான் தளர்ந்திருக்கிறது. ஒட்டு வீணையாக இருந்தால் இணைப்பையும் பார்க்க வேண்டும். ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையில் அந்தக் கவலை இல்லை.

இந்த விரல் சோதனை எந்தத் தந்தி வாத்தியத்துக்கும் பொருந்தும். 1920களில் அமெரிக்காவில் ஜான் டோபியேரா உருவாக்கிய ரெசனேட்டர் கிதாரின் வயிற்றில் மெல்லிய அலுமினியக் கூம்பு இருக்கிறது. அதன் விளிம்பு சரியாக உட்காராவிட்டாலும், மூடித்தட்டின் திருகு ஒன்று தளர்ந்தாலும் கரகரக்கும். பாஸ் வகையில் தடித்த தந்தியின் வீச்சு பெரிது என்பதால் சின்னத் தளர்வுகூட ஊரைக் கூட்டிவிடும்.

காதுக்கு முன்னால் மரத்தைப் பார்க்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. சீவக சிந்தாமணியில், காந்தருவதத்தையோடு போட்டியிட வந்த சீவகன் தனக்கு நீட்டிய யாழ்களை நீரில் நின்று இளகிய மரம், இடி விழுந்த மரம் என்று குற்றம் சொல்லி ஒதுக்குகிறான். அவ்வளவு தேர்ச்சி நமக்கு வேண்டாம். அடுத்த கச்சேரிக்குக் கால்மணி நேரம் முன்னதாகப் போய், தம்புராவுக்கு அருகே இடம் பிடியுங்கள். ஜீவா சேர்ந்துவிட்டதா என்று கலைஞர் சொல்வதற்கு முன்னால் நீங்களே சொல்லிப் பாருங்கள்.