அனுலாவின் வரிசையில் நிற்பவர்கள்

இலங்கையில் பெண் துறவின் கதை ஒரு காத்திருப்பில் தொடங்குகிறது. மகிந்த தேரரின் உபதேசம் கேட்டுத் துறவு பூண விரும்பினாள், அரச குடும்பத்துப் பெண்ணான அனுலா. பெண்ணுக்குத் துறவு கொடுக்க எனக்கு விதியில் இடமில்லை, பாடலிபுத்திரத்தில் என் தங்கை பிக்குணியாக இருக்கிறாள், அவள் வர வேண்டும் என்று தேரர் சொல்லிவிட்டதாக மகாவம்சம் கூறுகிறது. பத்துச் சீலங்களை ஏற்று, அனுராதபுரத்தில் தனியே ஒதுக்கிய மனையில் அரண்மனைப் பெண்களோடு அனுலா காத்திருந்தாள். அந்தத் தங்கை, அசோகனின் மகள் சங்கமித்தை, வெள்ளரசுக் கிளையோடு ஜம்புகோளத் துறையில் இறங்கிய பிறகுதான் அனுலாவுக்கு உபசம்பதை, அதாவது முழுத் துறவு, கிடைத்தது. அந்தத் துறை யாழ்ப்பாணத்து மாதகலை அடுத்த சம்பில்துறை.

அனுலா சில காலம் இருந்த அந்த நடுநிலையில், அதாவது சீலம் உண்டு, முழுத் துறவு இல்லை என்ற நிலையில், பின்னாளில் இலங்கைப் பெண்கள் பல நூற்றாண்டுகள் நின்றார்கள். இந்தியாவின் இமயப் பகுதிப் பெண்கள் இன்றும் நிற்கிறார்கள்.

இலங்கையில் பிக்குணி மரபு அறுந்தது 11ஆம் நூற்றாண்டில். சோழர் படையெடுப்பும் ஆட்சியும் விகாரைகளின் நிலத்தையும் ஆதரவையும் குலைத்த காலம் அது. மன்னன் முதலாம் விஜயபாகு சோழரை விரட்டிவிட்டுப் பார்த்தபோது, உபசம்பதை நடத்தப் போதிய பிக்குகளே நாட்டில் இல்லை. பர்மாவிலிருந்து பிக்குகளை வருவித்து ஆண்களின் சங்கத்தை மீட்டான். பிக்குணிகளை வருவித்ததாகச் செய்தி இல்லை. திபெத்திய மரபில் அறுபட வேண்டிய தேவையே வரவில்லை. 8ஆம் நூற்றாண்டில் இந்திய அறிஞர் சாந்தரட்சிதர் திபெத்துக்கு அழைத்துச் சென்றது பிக்குகளை மட்டும். பிக்குணிகள் இமயத்தைத் தாண்டவே இல்லை. ஆகவே லடாக், ஸ்பிதி, கின்னௌர் பெண்களுக்கு அன்று முதல் கிடைத்தது இளந்துறவி நிலைதான். வெவ்வேறு விநயம் என்னும் துறவு விதிகள், வெவ்வேறு காரணம். பூட்டு மட்டும் ஒன்று. பிக்குணிக்கு உபசம்பதை கொடுக்கப் பிக்குணிகள் வேண்டும், பிக்குணிகள் இல்லை, ஆகவே கொடுக்க முடியாது.

பூட்டின் முன்னால் இரு நாட்டுப் பெண்களும் வாழ்ந்த வாழ்க்கை ஒன்றல்ல. கண்டியில் 1907இல் ஆளுநர் பிளேக்கின் மனைவி பெயரில் ஓர் ஆராமம் திறந்தது. அதை நடத்தியவர் சுதர்மாசாரி. கிறிஸ்தவராகப் பிறந்து, கேத்தரின் டி ஆல்விஸ் என்ற பெயரோடு வளர்ந்து, பர்மா சென்று சீலம் ஏற்றுத் திரும்பியவர். அவருக்குப் பின் வந்தவர்கள்தாம் தசசில் மாதாக்கள், பத்துச் சீலம் ஏற்ற அன்னையர். மொட்டைத் தலை, மஞ்சள் ஆடை, பத்துச் சீலம் எல்லாம் உண்டு. ஆடையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பிக்குவின் சீவரம் வயல் வரப்புகள் போலத் துண்டு துண்டாக வெட்டித் தைத்தது. சில்மாதாவின் மேலாடை வெட்டுப்படாத ஒரே துணி, உள்ளே நீளக்கை ரவிக்கை. சங்கத்துக்கென்று கொடுக்கும் தானத்தில் அவருக்குப் பங்கில்லை. தனி ஆளாகத்தான் வாங்கலாம்.

லடாக்கிலும் சன்ஸ்காரிலும் பெண் துறவி தலையை மழித்துக்கொண்டு பெரும்பாலும் பெற்றோர் வீட்டிலேயே இருந்தார். பார்லி வயலில் களை எடுப்பது, அண்ணன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, முதியவர்களைக் கவனிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஆண்களின் மடங்களுக்கு நிலமும் தானிய வருவாயும் இருந்தன. பெண்களின் மடங்களுக்குப் பேருக்குத்தான் ஏதாவது. 1996இல் லடாக் பெண் துறவியர் சங்கம் உருவானபோது முதலில் கேட்டவை படிக்க ஆசிரியரும் தங்க இடமும். முழுத் துறவைப் பற்றிப் பேசும் நிலையிலேயே அவர்கள் இல்லை.

இலங்கை பூட்டைத் திறந்த விதத்தில் ஒரு சுவையான சுற்றுவழி உண்டு. கி.பி. 433 வாக்கில் இலங்கைப் பிக்குணிகள் கப்பலேறிச் சீனம் போய், நான்ஜிங்கில் நூற்றுக்கணக்கான சீனப் பெண்களுக்கு உபசம்பதை கிடைக்க உதவினார்கள். அந்த மரபு கிழக்காசியாவில் அறாமல் நின்றது. 1996 டிசம்பரில் சாரநாத்தில் கொரியப் பிக்குணிகள் துணையோடு பத்து இலங்கைப் பெண்கள் உபசம்பதை பெற்றார்கள். அவர்களில் ஒருவர் குசுமா, பிக்குணி விநயத்தையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர். 1998இன் தொடக்கத்தில் புத்தகயையில் இன்னொரு தொகுதி. அதே ஆண்டு மார்ச்சில் தம்புள்ளையில், இலங்கை மண்ணிலேயே, 22 பேர். அன்று பெண்ணுக்குக் கொடுக்க இந்தியாவிலிருந்து ஒருத்தி போனாள். இப்போது வாங்க இந்தியாவுக்கு வந்தார்கள், கொடுக்கத்தான் இங்கே ஆள் இல்லை, கொரியாவிலிருந்து வர வேண்டியிருந்தது.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. சீன மரபு மகாயானம் கலந்தது, தேரவாதத்தில் செல்லாது என்று நிகாயங்கள் என்னும் பெரிய துறவிப் பிரிவுகளின் தலைவர்களான மகாநாயக்கர்கள் இன்றுவரை ஏற்கவில்லை. பிறகு எப்படி நடந்தது? இலங்கைச் சங்கத்துக்கு ஒற்றைத் தலைமை இல்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன். தம்புள்ளையின் இனாமலுவே சுமங்கல தேரர் 1985இலேயே கண்டியின் அஸ்கிரியப் பீடத்திலிருந்து பிரிந்து நின்றவர். யாரிடமும் அனுமதி கேட்கவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அதைவிடப் பெரிய காரணம் கிராமத்து மக்கள். சாவு வீட்டில் பிரித் என்னும் காப்புச் சூத்திரம் ஓத, ஏழாம் நாள் தானத்துக்கு உட்கார, பிக்குணியை அழைத்தார்கள். விநயச் சிக்கலை விசாரித்துக்கொண்டு யாரும் சோற்றுப் பானையைக் கையில் பிடித்து நிற்கவில்லை. அரசுதான் கடைசியில் வந்தது. அடையாள அட்டையில் பிக்குணி என்று எழுத மறுத்தது சமத்துவ உரிமையை மீறுவது என 2025இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தியாவிலுள்ள திபெத்திய மரபில் கண்கள் எல்லாம் தலாய் லாமாவைப் பார்த்தன. 2007இல் பெண் துறவு குறித்த ஹாம்பர்க் மாநாட்டில், ஆதரவு உண்டு, ஆனால் தனியாக நான் முடிவு செய்ய முடியாது என்ற நிலையையே அவர் எடுத்தார். பூட்டு அப்படியே இருக்க, கதவு வேறு பக்கம் திறந்தது, கல்வி வழியாக. தர்மசாலாவை அடுத்த டோல்மா லிங் போன்ற மடங்களில் பெண்கள் தர்க்கம் பழகினார்கள். விடை சொல்பவர் தரையில் உட்கார்ந்திருப்பார். கேள்வி கேட்பவர் நின்றபடி, இடது காலை ஓங்கி மிதித்து, அதே நொடியில் உள்ளங்கையில் அறைந்து கேள்வியை வீசுவார். பல நூற்றாண்டுகளாக ஆண்கள் மட்டும் எழுப்பிய சத்தம் அது. தத்துவக் கல்வியின் உயர் பட்டமான கெஷேக்குரிய பாடங்களில் விநயமும் ஒன்று. முழுத் துறவில்லாத பெண் அதை முழுதாகப் படிக்கலாமா என்ற கேள்வியே நெடுநாள் குறுக்கே நின்றது. 2012இல் ஒருவழியாக இசைவு வந்து, நான்கு ஆண்டுத் தேர்வு முடித்த 20 பேர் 2016இல் கர்நாடகத்து முண்டகோடில் அதன் பெண்பால் பெயரான கெஷேமா பட்டம் பெற்றார்கள்.

எந்த வழி மேல் என்று கேட்டால் என் மனம் இலங்கைப் பக்கம்தான். கெஷேமா அடுத்த பெண்ணுக்குத் தத்துவம் கற்பிக்கலாம், தான் பெறாத துறவைக் கொடுக்க முடியாது. தம்புள்ளைப் பிக்குணி கொடுக்கலாம். படிப்பில் தர்மசாலாவின் பெண்கள் எட்டிய உயரம் பெரிது என்பதில் சந்தேகமில்லை.

இந்தியாவில் இந்தப் பூட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காத பௌத்தப் பெண்களும் உண்டு. 1956இல் நாகபுரியில் அம்பேத்கரோடு தீட்சை பெற்ற குடும்பங்களின் பெண்கள். மழைக்கால மூன்று மாதமும் விகாரையில் கூடி அம்பேத்கரின் ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். வெள்ளைச் சேலை. இலங்கையில் போயா என்னும் பௌர்ணமி நாளில் சீலம் ஏற்கும் பெண்களும் வெள்ளைதான். அங்கே அந்த வெள்ளை ஒருநாள் விரதம். இங்கே, ஊர்க் கிணற்றில் நீர் எடுக்க விடாதவர்களின் பேத்திகள் உடுத்தும் வெள்ளை. துறவி இல்லாமலே இவர்கள் தம்மத்தை நடத்திவிடுகிறார்கள்.

விநயப்படி, உபசம்பதை பெற்றுப் பன்னிரண்டு ஆண்டு நிறைந்த பிக்குணியே அடுத்தவளுக்குத் துறவு கொடுக்கும் உபாத்தியாயினி ஆகலாம். 1998இல் தம்புள்ளையில் அமர்ந்தவர்கள் அந்த எல்லையை 2010இல் கடந்துவிட்டார்கள். 2022இல் பூட்டானின் தலைமைத் துறவி, அங்குள்ள பிக்குகளைக் கொண்டே, 144 பெண்களுக்குத் திபெத்திய விநயப்படி முழுத் துறவு கொடுத்தார். அவர்களுக்கு 2034இல் பன்னிரண்டு ஆகும். தர்மசாலாவும் லடாக்கும் அவர்களைத் தேடிப் போவதா, அவர்கள் பெற்றது செல்லுமா என்று இன்னொரு மாநாடு கூட்டுவதா என்பதை அதற்குள் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.