ஜூன் 5: விழாவும் விளைவும்

தொடக்கப் பள்ளிகளின் சுற்றுச்சூழல் நாளை மதிப்பிட அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. 1977இல் திபிலீசி மாநாடு சூழல்கல்விக்கு ஐந்து குறிக்கோள்களை வகுத்தது: விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு. தமிழகப் பள்ளிகளில் வழக்கமாக நடக்கும் விழா முதல் படியைத் தாண்டுவது அரிது.

நிறையை முதலில் சொல்வதே முறை. பள்ளி முழுவதும் ஒரே நாளில் ஒரே பொருளில் ஈடுபடுவது தனித்தனிப் பாடவேளைகளால் இயலாதது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் தலைமையாசிரியரும் சத்துணவுச் சமையலரும் ஒரே வேலையில் இறங்கும்போது, சூழலைப் பேணுவது எல்லோருக்கும் பொதுவான கடமை என்பது உரையின்றியே விளங்குகிறது. இந்த வடிவம் காக்கத் தக்கது.

குறை உள்ளடக்கத்தில் இருக்கிறது. நெகிழியைச் சாடும் முழக்கம் ஃப்ளெக்ஸ் பதாகையில் அச்சாகிறது. பூமி உருண்டை தெர்மாகோலில் உருவாகிறது. கருத்தும் கருவியும் முரண்படும் இடத்தில் பிள்ளை கற்பது கருவியைத்தான். மரக்கன்று நடுதலில் நோக்கம் நன்று, காலம் பொருந்தவில்லை. மாநிலத்தின் பெரும்பாலான மாவட்டங்களுக்கு முதன்மை மழை வடகிழக்குப் பருவத்தில். ஜூனில் நட்ட கன்றுக்கு அக்டோபர் வரை தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். அந்தப் பொறுப்பை வகுக்காத நடுகை ஒளிப்படத்தோடு முடிந்துவிடும்.

மூன்றாவது குறை நுண்ணியது. உருகும் பனிமலையும் எரியும் காடும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அச்சத்தையே தரும். இளம் வயதில் பேரழிவைப் பாடமாக்கினால் பிள்ளைகள் இயற்கையை விட்டு விலகிவிடுவர் என்று அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபல் 1996இல் வெளிவந்த நூலில் எச்சரித்தார். முதலில் பழக்கம், பிறகு பற்று, அதன்பின் பொறுப்பு என்பதே சரியான வரிசை. பள்ளி வேம்பில் வந்தமரும் பறவைகளை எண்ணுவது, மதிய உணவில் மிஞ்சிய சோற்றை எடைபோடுவது, ஒழுகும் குழாயின்கீழ் குவளை வைத்து நீரை அளப்பது ஆகியவற்றில் உற்றுநோக்கலும் கணக்கும் ஒருங்கே அமைகின்றன; செலவும் இல்லை. 1994இல் தொடங்கிய ஈகோ ஸ்கூல்ஸ் திட்டத்தின் வலிமையும் இங்கேதான்: மாணவர் குழு தணிக்கை செய்கிறது, செயல்திட்டம் வகுக்கிறது, விளைவைக் கண்காணிக்கிறது.

ஆகவே தீர்ப்பு இது: வடிவம் சிறந்தது, முறை தளர்ந்தது, சாதனை சொற்பம். ஜூன் 5 அளவெடுக்கும் நாளாகட்டும். நடுகை மழைக்காலத்துக்குப் போகட்டும். மார்ச்சில் அதே அளவுகளைப் பிள்ளைகளே மீண்டும் எடுக்கட்டும். மிஞ்சும் சோறும் ஒழுகும் நீரும் குறைந்திருந்தால் மட்டுமே அந்த விழா வென்றதாகும்.