டோட்டோ-சான் நூலில் நட்பு

'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயநாகி தம் பள்ளிப் பருவத்தைப் பற்றி எழுதிய நூல். 1981-இல் ஜப்பானில் வெளிவந்தது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. சிறுசிறு அத்தியாயங்களால் ஆனதால், தனியாக வாசிக்கத் தொடங்கும் சிறுவர்களுக்கும் ஏற்றது.

மரமேறும் அத்தியாயம்

டோமோயி பள்ளியில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஏறுவதற்கென்று ஒரு மரம் உண்டு. இளம்பிள்ளை வாதத்தால் கை கால்கள் பாதிக்கப்பட்ட யாசுவாகி-சானுக்கு மட்டும் மரம் இல்லை. டோட்டோ-சான் அவனைத் தன் மரத்திற்கு விருந்தாளியாக அழைக்கிறாள். பெரியவர்கள் யாருக்கும் இது தெரியாது. முதலில் கொண்டுவந்த ஏணி பயன்படவில்லை. பிறகு மடக்கேணியில் அவன் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து ஏற்றுகிறாள். உச்சியிலிருந்து கிளைக்கு இழுத்துக்கொள்கிறாள். பின்னர் ஓர் அத்தியாயத்தில் யாசுவாகி-சான் இறந்துபோகிறான். அவன் இரவல் தந்த புத்தகம் அவளிடமே தங்கிவிடுகிறது.

மதிப்பீடு

நிகழ்வுகள் பெரும்பாலும் டோட்டோ-சானின் பார்வையிலேயே சொல்லப்படுகின்றன. யாசுவாகி-சானின் அச்சமும் விருப்பமும் குறைவாகவே கேட்கின்றன. இது நூலின் குறை. உடற்குறை உள்ள குழந்தை, கதாநாயகியின் நல்ல மனத்தைக் காட்டும் கருவியாக மட்டும் நின்றுவிடும் ஆபத்து இங்கே உண்டு. ஆசிரியர் அதை ஓர் இடத்தில் தவிர்க்கிறார். மரத்தின் மேல் அமர்ந்ததும், தொலைக்காட்சி என்ற புதுப்பொருளைப் பற்றி அவளுக்கு முதன்முதலில் சொல்பவன் அவனே. கொடுப்பவனாகவும் அவன் மாறும்போதுதான் இரக்கம் நட்பாகிறது.

நூலில் உள்ள ஓவியங்கள் சிஹிரோ இவாசாகி வரைந்தவை. அவர் 1974-இல் மறைந்துவிட்டதால், இக்கதைக்கென வரையப்பட்டவை அல்ல. அவை நிகழ்ச்சிகளை விளக்குவதில்லை. குழந்தையின் மனநிலையைத் தருகின்றன. மரமேறும் காட்சியை வாசகரே கற்பனை செய்துகொள்ள இது இடமளிக்கிறது.

இன்றைய பொருத்தம்

இந்தியா 2014-இல் போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அருகமைப் பள்ளியில் இலவசக் கல்வி பெறும் உரிமையை அளிக்கிறது. கலவை போன்ற சிற்றூர்ப் பள்ளியிலும் சட்டத்தால் ஒரு குழந்தையை வகுப்பறைக்குள் கொண்டுவர முடியும். விளையாட்டு வேளையில் அக்குழந்தை திண்ணையில் தனியே உட்கார்ந்திருப்பதை மாற்ற, பக்கத்து இருக்கையிலிருந்து ஓர் அழைப்பு வரவேண்டும். அந்த அழைப்பு எப்படி இருக்கும் என்பதை அறிவுரையின்றிக் காட்டுவதே இந்நூலின் பெருமை. ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் இந்த அத்தியாயத்தை வகுப்பில் உரக்க வாசிக்கலாம்.