முற்றுக்குக் காத்திருக்கும் வாசகர்

தமிழும் கொரிய மொழியும் வினைமுற்றை வாக்கியத்தின் இறுதியில் வைப்பதிலும், பெயரை விளக்கும் தொடரை அப்பெயருக்கு முன்னால் நிறுத்துவதிலும் ஒத்திருப்பதால், நீண்ட வாக்கியம் இரு மொழி வாசகரையும் இறுதிவரை காத்திருக்க வைக்கிறது. கொரிய வாசகரின் கண்ணசைவை அளந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு, 'மீனைப் பிடித்த மனிதர்' போன்ற பெயரெச்சத் தொடரைவிட 'மனிதர் பிடித்த மீன்' போன்றது படிக்கக் கடினம் என்று கண்டது; இரண்டிலும் சொற்களின் எண்ணிக்கை ஒன்றே ஆகையால், வாசிப்பின் சுமை சொற்களுக்கு இடையிலுள்ள தூரத்தை மட்டும் பொறுத்ததன்று என்பது இதனால் விளங்கும்.

பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவக் குப்பங்களில் ஒரு வாக்கியத்தைச் சரியாகப் புரிந்துகொள்வது பிழைப்போடு பிணைந்த செய்தி. ஏரிக்குள் முறைவைத்து மீன் பிடிக்கும் 'பாடு' ஒழுங்கு ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவாவதால், ஐயம் எழுந்தால் அங்கேயே கேட்டுத் தெளியலாம். ஆனால் கடலில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் நீளும் தடைக்காலம் விசைப்படகுக்கு உரியதா, நாட்டுப்படகுக்கும் உரியதா என்பதை அறிவிப்பின் வாக்கியத்திலிருந்தே பிரித்தறிய வேண்டும்.

பல நிபந்தனைகளை ஒரே வாக்கியத்தில் கோக்கும் ஆட்சித்தமிழ் வழக்கத்துக்கு நியாயம் உண்டு. வேற்றுமை உருபுகள் ஒவ்வொரு பெயரின் பங்கையும் அங்கங்கே காட்டிவிடுகின்றன. விதிவிலக்குகள் முடிவுக்கு முன்பே வந்துவிடுவதால் முடிவை மட்டும் பிய்த்தெடுத்துப் படிக்க இயலாது. மேலும், கொரிய வினையில் இல்லாத திணை, பால், எண், இட விகுதிகள் தமிழ் வினைமுற்றில் அமைந்து, செய்தவர் யார் என்பதை இறுதியில் மீண்டும் நினைவூட்டுகின்றன.

இத்துணைகளை அவ்வழக்கமே கைவிடுவதுதான் குறை. எடுத்துக்காட்டாக, 'தடை செய்யப்பட்ட வலைகள் மற்றும் படகுகள் பறிமுதல் செய்யப்படும்' என்று ஒரு வாக்கியத்தை அமைத்துப் பார்த்தால், 'தடை செய்யப்பட்ட' என்னும் பெயரெச்சம் வலையோடு நிற்கிறதா, படகையும் தழுவுகிறதா என்பது தெரிவதில்லை; 'செய்யப்படும்' என்ற செயப்பாட்டு வினையோ பறிமுதல் செய்பவரையே மறைத்துவிடுகிறது. இதையே ஒலிபெருக்கியில் கேட்பவருக்குத் திரும்பிப் படிக்கும் வாய்ப்பும் இல்லை.

'தடை செய்யப்பட்ட வலைகளையும் அவற்றைப் பயன்படுத்திய படகுகளையும் மீன்வளத்துறை அதிகாரிகள் பறிமுதல் செய்வார்கள்' என்று எழுதினால் வாக்கியம் முன்னதைவிட நீள்கிறது. ஆயினும் எந்தப் படகு, பறிமுதல் செய்பவர் யார் என்னும் இரு கேள்விகளும் எழுவதில்லை. ஆகவே திருத்த வேண்டியது வாக்கியத்தின் நீளத்தை அன்று, உருபையும் செய்பவரையும் விழுங்கும் பழக்கத்தை.