பெயரின்மையும் முகமின்மையும்: ஓரியின் நாணத்தை முன்வைத்து

முன்னுரை

நேர்ப்பேச்சில் காக்கப்படும் ஒழுங்கு இணையவழி உரையாடலில் தளர்வதற்குப் பேசுவோர் தம் பெயரை மறைப்பதே காரணம் என்னும் கருத்து பரவலாக உள்ளது. இத்தளர்ச்சிக்குரிய காரணிகள் ஆறனைத் தொகுத்த ஜான் சூலர் (2004) பெயரின்மையை முதலிலும் உருக்காணாமையை அதனையடுத்தும் வைத்தார். ஒழுங்கைத் தாங்குவது பெயரைவிட முகமே என்பதைப் புறநானூற்றின் 150, 152, 208ஆம் பாடல்கள் வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

பெயர் அறியாச் சந்திப்பு

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய 152ஆம் பாடலில், காட்டில் கண்ட வேட்டுவன் யாரெனப் பாணர் அறியார். அவனது வில்லாற்றலையும் மார்பில் தாழ்ந்த ஆரத்தையும் கண்டு, இவன் விலைக்கு ஊன் விற்பவன் அல்லன், ஓரியோ என ஐயுறுகின்றனர். இசைத்துப் பாடி முடிவில் ‘கோ’ என விளிக்க, அது தன் பெயராதலின் அவன் நாணுகிறான். அவர்கள் வேண்டுவதைக் கூற முற்படும்போதே ஊனும் மதுவும் தன் மலையிற் பிறந்த பொன்னும் மணியும் அளிக்கிறான்.

நாணம் பிறர் காண நிற்பவனுக்கே நிகழும் மெய்ப்பாடு. பெயரை மறைத்தவனால் முகத்தை மறைக்க இயலவில்லை. அதே புலவரின் 150ஆம் பாடலில் நள்ளி, நாடும் பெயரும் வினவியும் கூறாமலே தன் அணிகலன்களை ஈந்து செல்கிறான். இரண்டிலும் பெயரின்மை பண்பைக் குறைக்கவில்லை.

முகம் காணாக் கொடை

208ஆம் பாடல் இதன் மறுதலை. கொடுப்பவன் அதியமான் நெடுமான் அஞ்சி, பெறுபவர் பெருஞ்சித்திரனார். பெயரில் மறைவு ஏதுமில்லை. ஆயினும் தம்மைக் காணாமலே அனுப்பிய பரிசிலைப் புலவர் மறுக்கிறார். தகுதியறிந்து பேணித் தருவது தினையளவாயினும் இனிது என்கிறார். பொருள் குறையவில்லை, எதிர்கொள்ளல் இல்லாமையே அவமதிப்பாயிற்று.

மதிப்பீடு

இவை பாடாண்திணைப் பாடல்கள். புரவலனை உயர்த்தும் மரபுக்கு உட்பட்டவை. எனவே அக்கால நடைமுறையின் நேரடிப் பதிவாக இவற்றைக் கொள்ளுதல் பொருந்தாது. ஆனால் எது பாராட்டுக்கும் எது பழிப்புக்கும் உரியதாகக் கருதப்பட்டது என்பதற்கு இவை சான்றாகும். லபிடாட் லெஃப்லர், பராக் ஆகியோரின் ஆய்வும் (2012) கடுமொழிக்குப் பெயரின்மையைவிடக் கண்ணோடு கண் நோக்காமையே முதன்மைக் காரணி எனக் கண்டது. தென்கொரியா 2007இல் கொணர்ந்த இணைய மெய்ப்பெயர்ச் சட்டத்தை அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 2012இல் நீக்கியதும் இங்கு எண்ணத்தக்கது.

முடிவுரை

இணைய ஒழுங்கு குறித்த தமிழ் ஆய்வுகள் பெயர் மறைப்பையே அளவுகோலாகக் கொள்ளின், 208ஆம் பாடல் காட்டும் அவமதிப்பை விளக்க இயலாது. பெயர் தெரிந்தோரிடையே நிகழும் கடுமொழியும் அவற்றின் பார்வைக்கு அகப்படாது. பெயரையும் முகத்தையும் தனித்தனி மாறிகளாகக் கொண்டு ஆராய்வதே ஏற்புடையது.