வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம்

அமெரிக்கக் கல்லூரி அணிகளில் அத்லெடிக் டிரெய்னர் என்பவர் உடற்பயிற்சி சொல்லித்தருபவர் அல்லர். காயத்துக்குக் கட்டுப் போடுவதும், வெயிலில் சுருண்டவரைக் கவனிப்பதும், யார் மறுபடி களமிறங்கலாம் என்று பார்ப்பதும் அவர் வேலை. ஏறக்குறைய நம் கிரிக்கெட் அணிகளின் ஃபிசியோ. வீரரின் உடல்நிலை பற்றி மருத்துவரும் டிரெய்னரும் எடுக்கும் முடிவில் கோச் குறுக்கிடக் கூடாது என்று, அங்கே கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ.வின் ஐந்து பெரிய கூட்டமைப்புகள் 2016-இல் விதி கொண்டுவந்தன.

நல்ல விதி. அணியில் எல்லாரும் யார் முகத்தைப் பார்த்து நடக்கிறார்களோ, அவரிடமே போய் ‘இந்தப் பையன் இன்று ஆட முடியாது’ என்று சொல்ல ஒரு பிடிமானம் வேண்டும். விதி அதைத் தருகிறது.

ஆனால் 2018 மே 29 அன்று மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் அந்த விதியும் இருந்தது, டிரெய்னர்களும் மைதானத்தில் இருந்தார்கள். 110 கஜ ஓட்டம், பத்து முறை. ஏழாவது ஓட்டத்தில் அமெரிக்கக் கால்பந்து அணியின் 19 வயது வீரர் ஜோர்டன் மெக்நேர் தடுமாறினார். சக வீரர்கள் தாங்கிப் பிடிக்க, பத்தையும் முடித்தார். உடல் வெப்பத்தை யாரும் அளக்கவில்லை. குளிர்ந்த நீரில் இறக்கவில்லை. அவசர உதவிக்கு ஃபோன் போக ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆனது. ஜூன் 13 அன்று அவர் இறந்தார். அணியின் சூழலைப் பிறகு ஆராய்ந்த குழு, வீரர்கள் பலர் வாய் திறக்கவே பயந்திருந்தார்கள் என்று எழுதியது. அதிகாரம் கொடுத்துவிட்டால் பேச்சு தானாக வந்துவிடாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று எனக்குத் தெரியாது.

பேசினால் என்ன ஆகும் என்ற பயமும் வீண்பயம் அல்ல. 2015-இல் நடுவர் அழைத்ததால் களத்துக்குள் ஓடிய செல்சி கால்பந்து அணி மருத்துவர் ஈவா கார்னெய்ரோவை, மேலாளர் ஜோசே மொரீனியோ வெளிப்படையாகவே சாடினார். கார்னெய்ரோ அணியை விட்டே போக நேர்ந்தது. கிளப் மன்னிப்புக் கேட்டது மறு ஆண்டில்தான்.

விதியில் இன்னொரு ஓட்டையும் உண்டு. முடிவு யாருடையது என்று மட்டும் சொல்வதால், பேச்சு ‘ஆடலாம்’, ‘ஆடக் கூடாது’ என்ற இரண்டில் சுருங்கிவிடுகிறது. கோச்சுக்குத் தேவை அதுவல்ல. ‘நேராக ஓடலாம், சட்டென்று திரும்பக் கூடாது. அரை மணி நேரம் போதும். காலையில் வீக்கத்தைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்கிறேன்.’ இப்படிப் பேசினால் கோச் அதை வைத்துத் திட்டம் போடலாம். அவரும் ‘சனிக்கிழமை இவன் இல்லாமல் எனக்கு வழியில்லை’ என்று டிரெய்னரிடமே மனம் திறக்கட்டும். அதை மறைத்துக்கொண்டு பையனைத் தனியே கூப்பிட்டு ‘வலி தாங்குவாயா?’ என்று கேட்பதுதான் விஷம்.

பேச்சு காயத்தைப் பற்றி மட்டும் இருந்தாலும் போதாது; பயிற்சித் திட்டம் மாறினால் அதையும் கோச் டிரெய்னரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மேரிலாந்தில் அன்று பயிற்சி நடக்கும் இடம் கடைசி நேரத்தில் மாறியது. டிரெய்னர்கள் அவசர அவசரமாகச் சாமான்களை இடம் மாற்ற வேண்டியதாயிற்று. புதிய இடத்தில் உடலைக் குளிர்விக்கும் சாதனங்கள் போதவில்லை.