நீருக்குள் போன அறைகள்: பிளெனிம் பெரும்பாலம் குறித்து ஒரு மறுநோக்கு

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரிலுள்ள பிளெனிம் மாளிகைப் பூங்காவின் கற்பாலத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே முடிவை எட்டுகின்றனர்: ஜான் வான்பிரா அளவு மீறிக் கட்டியதை, அரை நூற்றாண்டுக்குப் பின் கேப்பபிலிட்டி பிரௌன் ஏரி அமைத்து நிறைவு செய்தார் என்பதே அது. இம்முடிவு கரையில் நின்று பார்ப்பவரின் முடிவாகும்.

1704ஆம் ஆண்டு பிளெனிம் போரில் வென்ற மார்ல்பரோ கோமகனுக்கு நாடு அளித்த கொடையாக எழுந்தது அம்மாளிகை. அதன் எதிரே இருந்தது சதுப்பு நிலமும் கிளைம் என்னும் சிற்றோடையுமே. கிறிஸ்டோபர் ரென் வரைந்த எளிய பாலத்தை விடுத்து வான்பிராவின் வரைவு ஏற்கப்பட்டது. நடுவளைவின் அகலம் மட்டும் 101 அடி. பாலத்தின் உடலுக்குள் முப்பதுக்கு மேற்பட்ட அறைகள். சிலவற்றில் கணப்பும் புகைபோக்கியும் உண்டு. ஓர் அறையின் வளைவு நாடக மேடையின் முகப்பை ஒத்திருக்கிறது. வான்பிரா நாடகாசிரியருமாவார் என்பதை இங்கு மறக்கவியலாது. ஆக, அவர் கருதியது கடக்கும் பாலத்தை மட்டுமன்று; தங்கக்கூடிய கட்டடத்தை.

கோமகள் சாரா இதனை வீண்செலவு என்றார். அவரைக் கஞ்சத்தனம் மிக்கவராகக் காட்டும் வழக்கம் நியாயமற்றது. ஓடைக்கும் பாலத்துக்கும் பொருத்தமில்லை என்பதை முதலில் உணர்ந்தவர்களுள் அவரும் ஒருவர். 1716இல் வான்பிரா பணியிலிருந்து விலகினார். பாலத்தின் மேல் அவர் திட்டமிட்ட வளைவு மண்டபம் எழவேயில்லை.

1760களில் பிரௌன் ஓடையை அணையிட்டுத் தேக்கினார். பாலத்திற்கு ஏற்ற நீர்ப்பரப்பு கிடைத்தது. கீழ்த்தள அறைகள் மூழ்கின. ஏரி இல்லையேல் பாலம் இன்றும் நகைப்புக்குரியதாகவே இருந்திருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இதனை ‘நிறைவு’ என்பது பொருந்தாது. கண்ணுக்குரிய பொருத்தத்தைப் பெறுவதற்காக உள்ளிடம் இழக்கப்பட்டது. அணியழகுப் பாலம் என்று இன்று நாம் வகைப்படுத்தும் பொருள் வான்பிராவின் படைப்பன்று. அவர் படைப்பின் பாதியை மறைத்துப் பிரௌன் ஆக்கியது. பாலத்தின் அடிப்பகுதியில், நீர்மட்டத்தை ஒட்டி இன்றும் சாளரங்கள் தெரிகின்றன. ஓவியங்களிலும் ஒளிப்படங்களிலும் அவை வெறும் நிழற்கட்டங்களாகவே பதிவாகின்றன.